செத்த கொக்கைத் தேட வேண்டாம்

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் அடிக்கப்படும் பூச்சிமருந்து நீர்ப்பறவைகளைப் பாதிக்கிறது என்று பேச்செடுத்தால், "செத்துக் கிடக்கிற ஒரு கொக்கையாவது காட்டுங்க சேர்" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் அப்படிக் காட்டக்கூடியதாகத்தான் இருந்தது. 1995-96இல் ஆர்ஜென்டீனாவில் வெட்டுக்கிளிகளை ஒழிக்க மொனோகுரோட்டோபொஸ் என்ற பூச்சிமருந்து அடிக்கப்பட்டபோது, வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்திருந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அதே மருந்தை இலங்கை 1995இல் தடைசெய்தது. பறவைகளுக்காக அல்ல, அதைக் குடித்து மாண்ட மனிதர்களுக்காக. (நம் பறவைகள் தப்பியது அந்தத் துயரத்தின் தயவில்தான்.)

இப்போது அடிக்கப்படும் இமிடாகுளோபிரிட் வகைப் பூச்சிமருந்துகளின் போக்கு வேறு. இவை நீரில் கரைபவை. செடி உறிஞ்சியது போக மிச்சம் மண்ணிலும் மழைநீரிலும் தங்கிவிடுகிறது. பாத்திகள் ஓடைக்கரை வரை இறங்கும் நம் சரிவுகளில், ஒரு நல்ல மழை பெய்தாலே கான்கள் செம்மண் குழம்பாக ஓடுகின்றன. அந்தத் தண்ணீரில் முதலில் அழிபவை ஓடைக்கற்களின் அடியில் ஒட்டி வளரும் இளம்பூச்சிகள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு லீற்றர் நீரில் 20 நனோகிராமுக்கு மேல் இம்மருந்து இருந்த இடங்களில் பூச்சியுண்ணும் பறவைகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.5 வீதம் குறைந்து வந்தன. அது யார் கண்ணிலும் படாத குறைவு. ஆனால் அதே வேகத்தில் போனால் 20 ஆண்டுகளில் பாதிதான் மிஞ்சும்.

குளிர்காலத்தில் நம் ஓடைகளுக்கு வரும் மஞ்சள் வயிற்று வாலாட்டியைச் சற்று நின்று பாருங்கள்: நனைந்த கல்லிலிருந்து கல்லுக்குத் தாவி, வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, நீர் தொடும் விளிம்பிலேயே இரை பொறுக்கும். அங்கே இரை அற்றுப்போனால் அது நம் முன்னால் விழுந்து சாகப்போவதில்லை. வேறு ஓடை தேடிப் போகும், அல்லது வடக்கே திரும்பும் நீண்ட பயணத்தை மெலிந்த உடம்போடு தொடங்கும். செத்த பறவையைச் சான்றாகக் கேட்பவருக்குக் காட்ட எதுவுமே இராது.

விதையும் உரமும் மருந்தும் ஒரே கடையில் கடனுக்கு வாங்குகிற, புழு துளைத்த கோவாவை வியாபாரி கழித்துவிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற விவசாயி மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மருந்து டாங்கியை ஓடையில் இறக்கிக் கழுவுவதற்குக் கடன் ஒரு காரணமல்ல. கழுவிய நீரைப் பாத்தியிலேயே ஊற்றிவிடலாம். மருந்து ஓடைக்குள் இறங்காமல் தடுக்க, ஓடையோரப் பாத்திகள் இரண்டு மூன்றைக் கைவிட்டுப் புல் வளரவிடச் சொல்வது அத்தனை சுலபமல்ல. லயத்துக்குப் பின்னால் துண்டு நிலத்தில் லீக்ஸ் போடும் தோட்டத் தொழிலாளிக்கு அது வீட்டுச் செலவில் விழும் துண்டு. அந்த நட்டத்தை அரசு ஈடுசெய்யாமல் அவரிடம் அதைக் கேட்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.