பேட்டரிக்குக் கிருமிநாசினி அபிஷேகம்

பேட்டரியைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். ஆமாம், பேட்டரியைத்தான். 2020 கொரோனா ஊரடங்கில், எங்கள் முதியோர் குடியிருப்பில். காது மெஷினுக்குள் போகிற 13ஆம் நம்பர் பேட்டரி, ஒரு அட்டையில் ஆறு. ஆறிலும் ஆரஞ்சு ஸ்டிக்கரை உரித்து, ஹைப்போ கிருமிநாசினி கலந்த தண்ணீரில் முக்கியெடுத்து, பழைய பேப்பரில் பரப்பி வெயிலில் காயவைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே ‘சானிடைஸ்டு’ என்று சிவப்பு முத்திரை குத்தி, வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். உரித்த ஸ்டிக்கர்களைக்கூடத் தூக்கிப் போடவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். பொருள் எதுவும் காணாமல் போகவில்லையாம்!

காது மெஷின்காரர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். அது ஜிங்க்-ஏர் பேட்டரி. காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். முதுகில் ஊசிமுனை ஓட்டைகள் இருக்கும், அதை மூடத்தான் ஸ்டிக்கர். உரித்ததும் உயிர் வரும், அந்த உயிர் ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். திரும்ப ஒட்டினாலும் நிற்காது. அதனால்தான் ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததை உரிப்போம். ஆறையும் ஒரே காலையில் உரித்தால் ஆறும் சேர்ந்தே மேலே போய்ச் சேரும். ஓட்டைக்குள் தண்ணீர் வேறு போயிருந்தால் அந்தப் பத்து நாளும் கிடையாது.

மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்காதீர்கள் என்று ஏப்ரல் 18இல் மத்திய சுகாதாரத் துறை சொன்னதால் நாங்கள் தப்பித்தோம். திருப்பூர் மார்க்கெட்டில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்ததைப் பார்த்துவிட்டு இங்கேயும் ஒன்று வைக்க நம்மவர்கள் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார்கள். பேட்டரி மேல் தெளிக்காதே என்று எந்தத் துறையும் சொல்லவில்லை, பாருங்கள்.

கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் பக்கம், மலையைப் பார்த்த வீடு. ‘உங்கள் பொற்காலத்தை நிம்மதியாகக் கழியுங்கள்’ என்று புரோஷரில் போட்டிருந்தார்கள். நடைபாதை, நூலகம், பொதுச் சாப்பாட்டுக்கூடம் எல்லாம் உண்டு. மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டதிலிருந்து நடைபாதைக்குக் கயிறு, நூலகத்துக்குப் பூட்டு. சாப்பாடு வாசலுக்கே வருகிறது. ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்குத் தெரியுமா? ஐந்தே முக்காலுக்கு. சூரியன் இன்னும் மலைக்கு மேலே நிற்கும்போது சேமியா உப்புமா. நடைபாதையில் இப்போது மயில்கள் மட்டும் ஜோடி ஜோடியாக உலாவுகின்றன. அவற்றுக்கு வயது வரம்பு இல்லை போல.

சரி, பேட்டரிக்கு வருகிறேன்.

ஏப்ரல் கடைசியில் கையிருப்பு தீர்ந்துவிட்டது. கேட்டால், ஏப்ரல் 26 முதல் 29 வரை கோவையில் முழு ஊரடங்கு. அதற்கு முன்னாலும் காது மெஷின் கடை திறக்கவில்லை, பின்னாலும் திறக்கவில்லை. கடைசி பேட்டரியை ரேஷன் போட்டு ஓட்டினேன். மகன் போன் பேசும்போது மட்டும் மெஷின், மற்ற நேரமெல்லாம் மௌனம். தூர்தர்ஷனில் அப்போது மறுபடி போட்ட ராமாயணத்துக்கு மெஷின் கிடையாது. காது கேட்டாலும் இந்தி புரியாது என்பதால் அதில் நஷ்டமில்லை.

இதில் முகக்கவசம் வேறு. காது மந்தமானவர்கள் பாதியைக் காதால் கேட்போம், மீதியை எதிராளியின் உதட்டைப் பார்த்து ஊகிப்போம். இப்போது ஊர் முழுக்க உதடே இல்லை. சாப்பாடு கொண்டுவருகிற பெண் துணிக்குள்ளிருந்து ஏதோ சொல்கிறாள், நான் தலையாட்டுகிறேன், மறுநாள் எனக்கு மட்டும் தயிர் வரவில்லை. காது ஒன்றுதான், அதில் மூக்குக் கண்ணாடியின் கம்பி, மெஷினின் கொக்கி, முகக்கவசத்தின் நாடா என்று மூன்று குடித்தனம். நாடாவை இழுத்தால் மெஷின் பறந்து போய்ச் செம்பருத்திப் புதருக்குள் விழும். எழுபது தாண்டியவன் குனிந்து புதருக்குள் தேடுவதை எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து வேடிக்கை பார்ப்பார். ஒரு மீட்டர் இடைவெளி விதிப்படி உதவிக்கு வரக்கூடாதல்லவா.

கடைசியில் கடைக்காரருக்கே மனசு இளகி, ஷட்டரைப் பாதி தூக்கி ஓர் அட்டை எடுத்து, இங்கே மருந்து கொண்டுவருகிற பையனிடம் கொடுத்து அனுப்பினார். அந்தப் பையன் கேட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அப்புறம்தான் வினையே ஆரம்பித்தது.

எங்கள் சங்கத்தில் பார்சல் கமிட்டி என்று ஒன்று முளைத்திருக்கிறது. ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியர் ஒருவர், விமானப்படைக்காரர் ஒருவர், கெமிஸ்ட்ரி புரொபசர் ஒருவர். மார்ச்சில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. வைரஸ் பிளாஸ்டிக்கிலும் ஸ்டீலிலும் 72 மணி நேரம் வரை இருந்தது, அட்டையில் 24 மணி நேரத்துக்குப் பிறகு இல்லை, செம்பில் நாலு மணி நேரம்தான் என்றார்கள். நேரம் ஆக ஆக வைரஸ் மளமளவென்று குறைந்துகொண்டே போகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. அதைக் கமிட்டி படிக்கவில்லை. மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அட்டைப்பெட்டிக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு மூன்று நாள் என்று சட்டம் போட்டு, கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் மேஜை மேஜையாகப் போட்டுப் பொருள்களைச் சிறையில் வைக்கிறார்கள். செம்புச் சாமான் யார் வாங்கினாலும் அன்றைக்கே விடுதலை. எங்களில் யாருமே வாங்குவதில்லை.

என் பேட்டரி அட்டையைப் பார்த்ததும் கமிட்டிக்குக் குழப்பம். பின்பக்கம் அட்டை, முன்பக்கம் பிளாஸ்டிக் மூடி, உள்ளே உலோகம். இது எந்த மேஜைக்குப் போக வேண்டும்? வாட்ஸாப்பில் விவாதம் நடந்திருக்கிறது, அதை நான் வரிவரியாகப் படித்தேன். அட்டை என்றார் இன்ஜினியர். கையால் தொடுகிற பக்கம் பிளாஸ்டிக் என்றார் விமானப்படை. உள்ளே இருப்பது உலோகம், அதுவும் காதுக்கு அருகில் போகிற உலோகம், ஆகவே மூன்று நாளும் வைத்துவிட்டு உள்பொருளையும் தனித்தனியே சுத்தம் செய்ய வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார் புரொபசர். கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவர்! ஜிங்க்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் எடுத்திருப்பார்! கீழே பன்னிரண்டு பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள்.

நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று கேட்டுக்குப் போனேன். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், பத்தடி தள்ளி அந்தப் பக்கம் செக்யூரிட்டி. அவருக்கு வாயில் கவசம், எனக்குக் காதில் செத்த மெஷின். நான் பேட்டரியைக் காட்டிக் கை நீட்டினேன். அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. கத்தினார். “எழுவத்திரண்டுங் சார்!” வயதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “இல்லப்பா, எழுபத்து நாலு” என்றேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். “எழுவத்தி நாலுங்களா?” “ஆமாம், எழுபத்து நாலு.” சரிங்க என்று ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். எனக்குத் திருப்தி, விவரமெல்லாம் கேட்டுக்கொண்டார், இனி கொடுத்துவிடுவார் என்று அங்கேயே நின்றேன். அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் விளங்கியது, 72 மணி நேரம் வைக்க வேண்டும் என்று அவர் சொல்ல, நானே 74 ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். கமிட்டி சொன்னதைவிட இரண்டு மணி நேரம் கூடுதல், வீட்டுக்காரரின் சொந்த வேண்டுகோளின் பேரில் என்று ரிஜிஸ்டரில் குறிப்பே இருக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன், அந்தச் செக்யூரிட்டிக்கு வயது அறுபத்தெட்டு. ‘65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கேட்டுப் பக்கம் வரக்கூடாது’ என்ற போர்டுக்குக் கீழேதான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். ஊரில் இருந்து வருகிற அத்தனை பார்சலையும் முதலில் தொடுகிறவர் அவர்தான். அவர் நலனை எந்தக் கமிட்டியும் கருதுவதாகத் தெரியவில்லை.

அடுத்து மேனேஜர். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. என்னால் போன் பேச முடியாதென்பதால் மனைவி பேசினாள். “ஆன்ட்டி, அங்கிளோட சேஃப்டிக்குத்தான் ஆன்ட்டி” என்றானாம். அவருக்குக் காது கேட்கவில்லையப்பா என்றால், “வீட்லயேதானே இருக்காரு ஆன்ட்டி, அவசரமா என்ன கேக்கணும்?” என்றானாம். நியாயம்தானே! ஓய்வு பெற்றவனுக்குக் காது எதற்கு, கண் எதற்கு, ஐந்தே முக்காலுக்கு உப்புமா தின்ன வாய் இருந்தால் போதாதா?

அதற்குள் விஷயம் மகன் இருக்கிற நியூஜெர்சிக்குப் போய்விட்டது. பிள்ளைகளையெல்லாம் ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் செய்கிற சேட்டையெல்லாம் அதில் ஏறும். ‘ஒரு மூத்த உறுப்பினர் விதியை மீறி கேட்டுக்கு வந்தார்’ என்று பெயர் போடாமல் மானத்தைக் காப்பாற்றி, மேலே என் வில்லா நம்பரைப் போட்டிருந்தார்கள். ராத்திரியே மகன் வீடியோவில் வந்து, “அப்பா, ஏம்ப்பா அடம் பிடிக்கிறீங்க?” என்று அதட்டுகிறான். கொத்துக் கொத்தாக ஜனம் செத்துக்கொண்டிருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, மயிலும் நானும் மட்டும் இருக்கிற ஊருக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறான். சத்தம் கேட்கவில்லை, வாயசைப்பில் புரிந்தது. வீடியோவில் முகக்கவசம் இல்லையல்லவா.

முப்பது வருஷத்துக்கு மேல், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற ஏ.ஜி. ஆபீஸில் அடுத்தவன் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். சும்மா விடுவேனா? உள்துறை அமைச்சகத்தின் மே 1 உத்தரவை எடுத்துப் படித்தேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும், அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத் தேவைக்கும் தவிர என்று தெளிவாக இருக்கிறது. எங்கள் நோட்டீஸ் போர்டில் வாக்கியத்தின் முதல் பாதி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மீதிப் பாதி எங்கே என்று ஆடிட் அப்ஜெக்‌ஷன் எழுதிப் போட்டேன். கடிதம் காகிதம் என்பதால் ஒரு நாள் மேஜையில் வைத்துவிட்டுப் பார்ப்பார்களாம்.

மே 7இல் டாஸ்மாக்கைத் திறந்தார்களே, நினைவிருக்கிறதா? அதில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் முதல் வரிசை, காலை 10 முதல் 1 மணி வரை. அப்புறம் நாற்பதுக்காரர்கள், கடைசியில்தான் இளவட்டம். மூத்தோரை இந்த நாடு எப்படி மதிக்கிறது பாருங்கள்! குடை பிடித்துக்கொண்டு நிம்மதியாக நின்று குவார்ட்டர் வாங்கலாம், சட்டமே வழிவிடுகிறது. மறுநாளே ஐகோர்ட் மூடச் சொன்னது வேறு கதை. நான் பிராந்திக் கடையில் காது பேட்டரி விற்கச் சொல்லி மனுப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது குளித்துக் காய்ந்த பேட்டரிகள் மேஜை மேல் இருக்கின்றன. ஒன்றை எடுத்துப் போட்டேன். மெஷின் கிணுங்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. அடுத்ததில் அந்தக் கிணுங்கும் இல்லை. மூன்றாவது வேலை செய்தது. மனைவி பக்கத்து வீட்டு மாமியிடம் ஜன்னல் வழியே பேசிக்கொண்டிருந்தாள். “இவருக்குப் பொழுது போகலை, அதான் எல்லார்கிட்டயும் சண்டை” என்று துல்லியமாகக் கேட்டது. கழற்றி வைத்துவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் அடுத்த மாதத்திலிருந்து மெயின்டனன்ஸ் கட்டணம் உயர்வாம், கிருமிநாசினிச் செலவுக்காக. எதிலிருந்து கட்டுவது? மார்ச் 13ஆம் தேதி கேபினட் அகவிலைப்படியை 17இலிருந்து 21 சதவீதமாக உயர்த்தியது. பென்ஷன்காரனுக்கும் அதே நாலு சதவீதம். கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஏப்ரல் 23இல் நிறுத்திவிட்டார்கள். ஜனவரியில் வர வேண்டியதும் இல்லை, ஜூலையில் வர வேண்டியதும் இல்லை, அடுத்த ஜனவரியும் இல்லை. 2021 ஜூன் வரை பழைய 17தான். சரி, நாட்டுக்குக் கஷ்டம், பிறகு கொடுக்கட்டும் என்று பார்த்தால், அரியரும் கிடையாதாம். ஒன்றரை வருஷத்து அரியரை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். என் சர்வீஸில் எவனாவது இப்படி ஒரு வரி எழுதிக்கொண்டு என் மேஜைக்கு வந்திருக்க வேண்டும்!