சின்னப் படங்களைப் பற்றியும் எழுதுங்கள்

தமிழ்ப் படம் என்றாலே இப்போது வெட்டுக்குத்துதான் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், மியான்மரில் (பர்மா) யாங்கோனில் இருந்து படம் பார்க்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன வாரம் டூரிஸ்ட் ஃபேமிலி பார்த்தோம், 2025 மே மாதம் வந்த படம், சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் கடல் தாண்டி ராமேஸ்வரம் வந்து, அப்புறம் சென்னையில் ஒரு தெருவில் தங்கள் இலங்கைத் தமிழ்ப் பேச்சையே மறைத்து வாழ்கிற குடும்பத்தின் கதை. எங்களுக்கு இது வேறு மாதிரி படும், ஏனென்றால் 1962க்குப் பிறகு கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபோது, இங்கிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கப்பல் ஏறி அதே சென்னைக்குத்தான் போய் முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். அக்கம்பக்கம் அவ்வளவு சீக்கிரம் நல்லவர்களாக மாறுவது கொஞ்சம் சினிமாத்தனம்தான், சரி, ஆனாலும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் பார்த்தார். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம் என்றால் நம்பவே முடியவில்லை.

அதற்கு முன் மெய்யழகன். கார்த்தி, அரவிந்த்சாமி இரண்டு பேரும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. நீளம் என்று சொல்லி, வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டியது பெரிய தப்பு. மகாராஜா படத்தின் திரைக்கதை பிரமாதம், ஆனால் பிள்ளைகளோடு பார்க்க முடியாது. அடுத்த கட்டுரையில் இந்த மாதிரிப் படங்களுக்கும் இடம் கொடுங்கள் ஐயா.