இரு முகங்கள் கொண்ட ஒரு வங்கி

இஸ்தான்புல்லின் காரக்கோய் பகுதியில் 'பாங்கலார் ஜாத்தேசி', அதாவது வங்கிகள் தெரு என்று இன்றும் வழங்கும் வீதியில் உதுமானிய வங்கியின் பழைய தலைமையகம் நிற்கிறது. அதைப் பற்றி எழுதுவோர் பலரும் முகப்பின் அழகைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்தின் கணக்கேடுகளும் அதே கூரையின் கீழ் காப்பாற்றப்பட்டன என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

இதை வடிவமைத்த அலெக்சாந்தர் வலோரி, இஸ்தான்புல்லில் பிறந்து பாரிசில் பயின்றவர். பெரா பாலஸ் விடுதியும் அந்நகரத்துத் தொல்லியல் அருங்காட்சியகமும் அவர் கைவண்ணமே. 1892-இல் பயன்பாட்டுக்கு வந்த இக்கட்டடம், தெருவைப் பார்த்த பக்கத்தில் ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாணியில் கம்பீரமான கல்முகப்பைக் காட்டுகிறது. தங்கக் கொம்பு நீர்ப்பரப்பையும் அதற்கு அப்பாலுள்ள பழைய நகரத்தையும் பார்த்த பின்பக்கமோ உதுமானிய, கீழைத்தேயச் சாயலில் அமைந்திருக்கிறது. இதைப் பாணிக் குழப்பம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. லண்டனிலும் பாரிசிலும் திரட்டிய மூலதனத்தில் இயங்கிக்கொண்டே, 1863 முதல் சுல்தானின் பேரரசுக்குப் பணத்தாள் வெளியிட்டு வந்த ஒரு நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவத்தை யாரும் கொடுத்திருக்க முடியாது.

அந்த ஐரோப்பியத் தொடர்பே 1896 ஆகஸ்ட் 26 அன்று ஆர்மேனியப் புரட்சியாளர்களை இவ்வாசலுக்கு அழைத்து வந்தது. தங்கள் மக்கள் படும் துன்பத்தின்பால் வல்லரசுகளின் கவனத்தைத் திருப்ப அவர்கள் வங்கியைக் கைப்பற்றினார்கள். உயிர் பிழைத்தவர்கள் பேச்சுவார்த்தைக்குப் பின் கப்பலேறி நாடு கடந்தார்கள். நகரத்திலிருந்த ஆர்மேனியர்களோ ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இந்தக் கல்முகப்பைப் புகழும் எவரும் இதையும் சொல்லியாக வேண்டும்.

2001-இல் உதுமானிய வங்கி கராந்தி வங்கியோடு இணைந்தது. மறு ஆண்டே இங்கே வங்கியின் அருங்காட்சியகம் உருவாயிற்று. பின்னர் கட்டடக் கலைஞர் ஹான் துமெர்தெகின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்டு, 2011-இல் 'சால்ட் கலாத்தா' என்ற பண்பாட்டு மையமாகத் திறக்கப்பட்டது. பணம் செலுத்தாமல் யாரும் உள்ளே நுழையலாம், நூலகத்தில் அமர்ந்து படிக்கலாம். அதே தெருவில் வேறு சில பழைய வங்கிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. இடிபடாமல் தப்பியது நல்லதுதான் என்றாலும், அங்கே அறை எடுக்க வசதியுள்ளவருக்கே அந்தப் படிக்கட்டுகள் சொந்தம்.

இரட்டைக் கட்டடமாக எழுந்த இதன் மறுபாதி புகையிலை ஏகபோக நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டுப் பின்னாளில் துருக்கிய மத்திய வங்கியிடம் சென்றது. இரண்டு பாதிகளையும் ஒரே படைப்பாகக் கருதிப் பராமரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இக்கட்டடத்தில் என் மனம் மீண்டும் மீண்டும் செல்வது கீழ்த்தளப் பெட்டகங்களுக்குத்தான். ஒரு காலத்தில் பணமும் பத்திரங்களும் பூட்டிக் கிடந்த அந்த இரும்பறைகளில் இப்போது வங்கியின் ஆவணங்கள் காட்சிக்கு இருக்கின்றன. கிரேக்கர், ஆர்மேனியர், யூதர், முஸ்லிம் என அந்த நகரத்து மனிதர்கள் ஊழியர் கோப்புகளிலும் வாடிக்கையாளர் அட்டைகளிலும் தங்கள் பெயரோடும் முகத்தோடும் அங்கே இருக்கிறார்கள்.