பத்து ரூபாய் காசு ஏன் செல்ல மாட்டேன் என்கிறது?

ரூபாய்க்குப் பின்னால் தங்கம் இருக்கிறது, அதனால்தான் அதற்கு மதிப்பு என்று வாட்ஸப்பில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1956 வரை அதில் ஓரளவு உண்மை உண்டு. வெளியிட்ட நோட்டில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குத் தங்கமோ வெளிநாட்டுப் பத்திரமோ இருப்பு வைத்தாக வேண்டும் என்றிருந்தது. 1957 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் கேட்பது மொத்தமே 200 கோடி, அதில் தங்கம் 115 கோடி. புழக்கத்தில் உள்ள நோட்டோ 35 லட்சம் கோடிக்கு மேல்! ரிசர்வ் வங்கியிடம் இந்தக் கணக்கைவிட எத்தனையோ மடங்கு தங்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நோட்டை நீட்டி அதைக் கேட்க முடியாது. நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழியை எடுத்துக்கொண்டு போனாலும் வேறு நோட்டோ சில்லறையோதான் கைக்கு வரும்.

அப்படியானால் மதிப்பு எங்கிருந்து வருகிறது? நாம் வாங்கியதை அடுத்த ஆள் வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையிலிருந்துதான். அரசு அதையே வரியாக வாங்கிக்கொள்வதும், ரிசர்வ் வங்கி இஷ்டத்துக்கு அச்சடிக்காமல் இருப்பதும் அந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கின்றன. முத்திரை மட்டும் போதாது என்பதற்குப் பத்து ரூபாய் காசே சாட்சி.

2011-க்குப் பிறகு வந்த காசில் ₹ குறியும் பத்துக் கோடும் இருக்கும். பழையதில் குறி கிடையாது, கோடு பதினைந்து. "பதினஞ்சு கோடு போலி" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே விட்டது. 14440-க்கு அடித்தால் பதிவுக் குரலில் விளக்கம் வரும். அப்படியும் பல ஊர்களில் கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

அவரை முட்டாள் என்று திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காசு போலியா என்பது அவர் கவலையே இல்லை. சரக்கு போடுகிறவர் வாங்க மாட்டார், பால்காரர் வாங்க மாட்டார், வங்கி கவுன்டரில் "இவ்வளவையும் யார் எண்றது, நாளைக்கு வாங்க" என்பார்கள். கல்லாவில் தேங்குவது அவர் முதல். அந்த இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

எட்டணாவின், அதாவது ஐம்பது பைசாவின், கதை வேறு. நாலணாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு சட்டப்படியே ஒழிந்தன. எட்டணா இன்றும் செல்லும், மொத்தம் பத்து ரூபாய் வரைக்கும் எட்டணாவாகவே கொடுக்கலாம். ஆனால் எட்டணாவுக்கு வாங்க ஒன்றும் இல்லை. அதை விலைவாசி தின்றுவிட்டது, வதந்திக்கு வேலையே இருக்கவில்லை.

பத்து ரூபாய் காசை மீட்க விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டிப் பயனில்லை, சங்கிலியின் கடைசிக் கண்ணி வங்கி. நாணயச் சட்டப்படி ஒருவருக்கு 1,000 ரூபாய் வரைதான் காசாகக் கொடுத்து வாங்கச் சொல்ல முடியும். ஆனால் வங்கிக் கணக்கில் காசு கட்டுவதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. நூறு நூறாக பாலிதீன் பையில் கட்டி வாங்கினால் வசதி என்று வங்கிகளுக்கு அதுவே யோசனையும் சொல்லியிருக்கிறது. பத்து ரூபாய் காசு என்றால் ஒரு பை ஆயிரம், எண்ணுவது சுலபம். எந்தக் கிளையில் கேஷியர் முகம் சுளிக்காமல் அந்தப் பையை வாங்குகிறாரோ, அந்தக் கடைத்தெருவில் பதினைந்து கோடும் செல்லும்.