46 வருடக் குடித்தனம்

கறுப்பினத்தில் பிறந்து பெண்ணையே காதலித்த பெண்களைப் பற்றி நாம் வாசிப்பதெல்லாம் பெரும்பாலும் அடி, சிறை, கொலை. அவற்றை எழுதத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு பிரியமாக வைத்துக்கொண்டார்கள் என்பதையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர்கள் மேபல் ஹாம்ப்டனும் லில்லியன் ஃபாஸ்டரும்.

மேபல் 1902இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். நியூயார்க்கில் உறவினர் வீட்டுக் கொடுமை தாங்காமல் எட்டு வயதில் ஓடிப்போனார். நியூயார்க்கின் கேளிக்கை இடமான கோனி தீவில் நடனமாடினார். பாலியல் தொழில் என்ற பொய் வழக்கில் சிறைக்கும் போனார். இத்தனைக்குப் பிறகும் ஒருத்தியை நம்பி நேசிக்க அவருக்கு மனம் இருந்ததே, அதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

1932இல் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது லில்லியனைச் சந்தித்தார். மேபல் வெள்ளைக்காரர் வீடுகளைச் சுத்தம் செய்தார். லில்லியன் சலவைக் கடைகளில் துணி தேய்த்தார். தாலியும் இல்லை, மோதிரச் சடங்கும் இல்லை. நியூயார்க்கில் தன்பாலினத் திருமணம் சட்டமானது 2011இல்தான். அதற்குள் இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

44 வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு லில்லியன் பேசியது பதிவாகியிருக்கிறது. சந்தித்த நாள் செப்டம்பர் 22 என்று தேதி பிசகாமல் சொல்கிறார். நாங்கள் அருமையான ஜோடி என்கிறார். அவள் கொஞ்சம் முரடு என்று குறையும் சொல்கிறார்! சாவு எங்களைப் பிரிக்கும், மற்றபடி இது முடிய வேண்டாம் என்கிறார். அந்தச் செல்லக் குறையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இரண்டு வருடம் கழித்து, 1978இல், லில்லியன் இறந்தார்.

வீட்டு வேலை செய்த ஒரு கறுப்பினப் பெண்ணின் காதலை எந்த அரசு ஆவணம் பாதுகாத்திருக்கும்? மேபல் தன் கதையை ஒலிநாடாவில் சொன்னார். சேர்த்து வைத்திருந்த புத்தகங்களை நியூயார்க்கின் லெஸ்பியன் வரலாற்று ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தார். அதனால்தான் இவர்கள் இருவரும் நமக்குக் கிடைத்தார்கள். வீடுகளிலும் கடைகளிலும் உழைத்து, எழுதப்படாமலே போன எத்தனை ஜோடிகள் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

1984இல், 82 வயதில், தன்பாலீர்ப்பாளர்கள் தங்கள் உரிமைக்காக நடத்தும் நியூயார்க் பெருமிதப் பேரணி மேடையில் மேபல் ஏறினார். வாழ்நாள் முழுவதும் நான் லெஸ்பியன், அதில் எனக்குப் பெருமை என்றார். என் தன்பாலீர்ப்பு மக்களும் என் கறுப்பின மக்களும் இந்த நாட்டிலும் உலகம் முழுவதும் விடுதலையோடு வாழ வேண்டும் என்றார்.