ரெஜிஸ்டர் பிறகு பாத்துக்கலாம்

மூன்று வருசத்துக்கு முந்தி, டியூஷன் காசு பாக்கியைக் கொடுக்க வந்த ஆயா, என்னிடம் படிச்ச பிள்ளையோட பாட்டி, வாசல்லயே நின்று சொன்னாங்க: "டீச்சர், பிள்ளைக்குக் கலியாணம் பேசியாச்சு. இனி வரமாட்டா."

"பதினெட்டு ஆகலையே ஆயா?"

"பதினாறு முடிஞ்சிட்டுதே. இப்ப தாலியக் கட்டிருவோம். ரெஜிஸ்டர் பிறகு பாத்துக்கலாம்."

இந்தச் சனத்துக்குச் சட்டம் தெரியாது என்று நினைக்காதீங்க. கொழும்பு மட்டக்குளிப் பக்கம், ஒரே லேனில் நெருங்கிக் கிடக்கிற தோட்டத்து வீடுகளில் எல்லாருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. பதினாறுக்குக் கீழ் என்றால் பிள்ளை சம்மதித்தாலும் அது வல்லுறவுக் கேஸ். கட்டாயக் கல்வியும் 16 வயதோடு முடியுது. 1995இல் முஸ்லிம் அல்லாதவங்களுக்கு விவாக வயதை 18 ஆக்கினாங்க, சரி. ஆனா தாலி கட்ட யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறதில்லையே. அந்த ரெண்டு வருச இடைவெளிக்குள்ளதான் இந்தக் கலியாணமெல்லாம் நடக்குது.

இதைப் பேசினாலே நம்மாட்கள் "அது முஸ்லிம் ஆட்கள் பிரச்சினை" என்று கையைக் கழுவிடுவாங்க. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது வைக்கலை, 12க்குக் கீழ் என்றால் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியாரின் அனுமதி வேணும், அவ்வளவுதான். உண்மை. அதை மாற்றச் சொல்லி முஸ்லிம் பெண்களே எத்தனையோ வருசமாப் போராடுறாங்க. அந்தச் சட்டத்தைத் திருத்த 2009இல் போட்ட சலீம் மர்சூஃப் குழு அறிக்கை கொடுக்கவே 2018 ஆச்சு. நம்ம சட்டத்தில் வயது இருக்கு. இருந்து என்ன?

அந்தப் பிள்ளையோட அம்மா குவைத்தில். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குறார், விடிய நாலு மணிக்கே போயிடுவார். வீடு ஒரே அறை, கக்கூஸ் லேன் முடிவில், எல்லாருக்கும் பொது. பிள்ளை பெரியபிள்ளை ஆனதிலிருந்து ராத்திரியில் முழங்கால் வலியோட ஆயாதான் டோர்ச்சும் கையுமா கூடப் போய் வெளியே நிற்கணும். பிறகு சந்தியில் ஒரு த்ரீவீல் பெடியனோட பேசினதை யாரோ கண்டுட்டாங்க. ஒரு கிழமைக்குள்ள பைப்படி முழுக்க அதே கதை.

எனக்கு ஆயா மேல கோபம் வரலை. பிள்ளைக்குக் காவலா ஒரு ஆளைத் தேடினாங்க, கிடைச்சது ஒரு மாப்பிள்ளை. கோபம் எல்லாம் அந்த அத்தைமார், சித்தப்பாமார் மேல. ஓ.எல். பரீட்சைக் கிளாஸுக்கு ஆயிரம் ரூபா கேட்டப்ப கை விரிச்ச ஆட்கள், கலியாணம் என்றதும் ஆளுக்கொரு மோதிரத்தோட வந்தாங்க.

சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 நம்பரை ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அன்றைக்கு அந்த நம்பருக்குக் கோல் அடிக்கலை. கவரில் ரெண்டாயிரம் வெச்சுக் கொடுத்து, பிரியாணியும் சாப்பிட்டுட்டு வந்தேன். அடிச்சிருந்தா அந்த லேனில் இருந்து ஒரு பிள்ளையும் என்னிடம் படிக்க வராது என்று எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ரெஜிஸ்டர் இன்னும் நடக்கலை. அவளோட மகனுக்கு ரெண்டு வயசு. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தா உண்டு, வராட்டி இல்லை.

போன மாசம் ஆயா திரும்ப வந்தாங்க. தங்கச்சிக்காரிக்கு இப்ப பதிமூன்று. "பள்ளிக்கூடம் விட்டு, அப்பன் வர்ற வரைக்கும் உங்க வீட்டில வெச்சுக்குவீங்களா டீச்சர்?"

வெச்சுக்கிறேன் என்றேன். ஆறு மணிக்கு வருவேன் என்று சொன்ன மனுசன் நேற்று வரும்போது எட்டு. அதுக்குள்ள பிள்ளை கணக்கையும் முடிச்சு, என்னோட சீரியலும் பாத்துட்டா.