சந்தேகமே போதும்
“மருந்துதான் காரணம் என்று நிரூபணமான பிறகே பக்கவிளைவைத் தெரிவிக்க வேண்டும்” என்று சிலர் சொல்வது தவறு. மருத்துவ மாணவர்கள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம். சந்தேகமே போதும். நோயாளி, மருந்து, ஏற்பட்ட பாதிப்பு, தெரிவிப்பவர் ஆகிய நான்கு விவரங்கள் இருந்தால், மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் மையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். காரணத்தை ஆராய்வது அந்த மையத்தின் வேலை.

விற்பனைக்கு வருமுன் ஒரு மருந்தைப் பெரும்பாலும் சில ஆயிரம் பேரிடம்தான் சோதிக்கிறார்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு அதில் தென்படாமலே போகலாம். கர்ப்பிணிகள் உட்கொண்டதால் குழந்தைகள் பிறவிக் குறைபாடுகளுடன் பிறக்கக் காரணமான தாலிடோமைடு என்ற மருந்தை 1961-இல் ஜெர்மனியில் திரும்பப் பெற வைத்ததும் மருத்துவர்களின் சந்தேகம்தான். நிரூபணத்துக்காகக் காத்திருந்தால் இன்னும் எத்தனை குழந்தைகள் பாதிக்கப்பட்டிருப்பார்கள்! 1968-இல் உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் அந்தத் துயரத்துக்குப் பிறகுதான்.

வார்டில் நோயாளியிடம் நிதானமாகப் பேசுவது பல நேரம் மாணவர்தான். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் மூத்த மருத்துவரிடம் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.